அஞ்சலைக்கு என்ன வயது

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் ஓய்வு பெற்றவர்களுக்கும் இப்போது வேலையில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்துதான் வரும். போன மாதம், எனக்குப் பின் சேர்ந்த ஒரு பெண் ஒரு செய்தி போட்டிருந்தாள். மணிக்கட்டு எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அந்தப் பிள்ளைக்கு என்ன வயது என்று அதுவே சொல்லிவிடும் மென்பொருள் வந்துவிட்டதாம். கீழேயே, "நிர்மலாக்கா, உங்க காலத்துல ஏஜ் கேஸ் எல்லாம் எப்படிப் பார்த்தீங்க? ஞானசேகரன் சாரைப் பத்தி எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தாள். பதில் தட்ட ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டேன். போனில் எழுதி முடிகிற விஷயமாக அது இல்லை.

நான் ரேடியோகிராபர். பிளஸ் டூ முடித்து, இரண்டு வருடப் படிப்பு, வேலூர்ப் பக்கம் ஒரு தாலுகா மருத்துவமனையில் கொஞ்ச காலம், கல்யாணம், பிறகு செங்கல்பட்டு. கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. நான் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய்வருவேன். இரண்டு பேருக்குமே சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். ஒருநாள் அவசரத்தில் பேட்ஜை மாற்றிக் குத்திக்கொண்டு போய், அவர் அங்கே மூன்று அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் நடந்த பெரிய அணு விபத்து அதுதான்.

வேலையில் முக்கால்வாசி, மார்புப் படமும் உடைந்த காலும்தான். ஏஜ் கேஸ் எப்போதாவது வரும். எங்கிருந்தாவது பிள்ளைகளை மீட்டுக் கொண்டுவருவார்கள். செங்கல் சூளை, கல் அறுக்கும் இடம், பை தைக்கும் கூடம், யாரோ ஒருவர் வீடு. வேலைக்கு வைத்திருந்தவர் பதினெட்டு முடிந்துவிட்டது என்பார். பள்ளிக்கூடச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இருக்காது. அப்போது குழந்தைகள் நலக் குழு எங்களுக்கு எழுதும், எலும்பைப் பார்த்து வயது சொல்லுங்கள் என்று. வளர்கிற பிள்ளையின் எலும்பு முனைகளில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். வளர்ச்சி முடிய முடிய அந்தக் கோடு மூடிக்கொள்ளும். முழங்கையில் முதலில், மணிக்கட்டில் அதற்குப் பிறகு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கடைசியாக. இந்த மூன்றையும் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பார்த்து எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர் ஞானசேகரனின் வேலை.

அவரைப் பற்றி. ஒல்லியான மனிதர். எங்கள் பிரிவின் ஏசி குளிருக்கு வருடம் பூராவும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். எவ்வளவு சின்னப் பிள்ளையாக இருந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் படம் கிடையாது, முதலில் இட்லி. போலீஸ் கொண்டுவரும் கடிதத்தை வாங்கி, படிக்காமல் மேஜையில் கவிழ்த்து வைப்பார். படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி, பார்த்து, தன் கையால் ஒரு துண்டுச் சீட்டில் வயதை எழுதிய பிறகுதான் கடிதத்தைத் திருப்புவார். ஒரு தடவை ஏன் சார் என்று கேட்டேன்.

"அவங்க என்ன வயசு எதிர்பாக்கறாங்கன்னு தெரிஞ்சுட்டா, என் கண்ணு அந்த வயசையே தேடும் நிர்மலா" என்றார்.

இன்னொரு பழக்கம். பிள்ளை எதிரில் வயதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். யாராவது, "பாத்தா பன்னெண்டு இருக்கும் போல" என்று சொன்னால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த புதிதில், பை தைக்கும் கூடத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பையன்கள் வந்தார்கள். பீகார்க்காரர்கள். எல்லோரும் எக்ஸ்ரே மேஜையைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வரிசையாகச் சுவரோரம் வைத்தார்கள். கூட வந்த போலீஸ்காரருக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும். ஒவ்வொருவனிடமும் வயது கேட்டார். எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: "அட்டாரா." பதினெட்டு. கடைசியாக வந்தவன் என் இடுப்புக்கு வரவில்லை. அவனும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு "அட்டாரா" என்றான். நான் கற்றுக்கொண்ட முதல் ஹிந்திச் சொல் அதுதான்.

அவர்களில் ஒருவனுடைய கைப் படத்தை டெவலப்பர் கரைசலிலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்தபோது, ஆள்காட்டி விரலுக்குள் வெள்ளையாக ஒரு கீற்று மின்னியது. தையல் மெஷின் ஊசியின் முனை. உள்ளேயே உடைந்து, மேலே தோல் மூடியிருந்தது. கையை நான்தான் பிடித்து, விரித்து, ஃபிலிம் அடைத்த கேசட்டின் மேல் அழுத்தி வைத்திருந்தேன். அவன் முகம் சுளிக்கவில்லை. ஞானசேகரன் சார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மீதிப் படங்களை அப்படியே விட்டுவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு தானே சர்ஜரி வார்டுக்கு நடந்து போனார். வயதுகளை மறுநாள்தான் எழுதினார். அதற்காக போலீஸ்காரர் கோபித்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ரிப்போர்ட் போகும், அதோடு சரி.

இனி அஞ்சலை. இது அவள் பெயர் இல்லை. உண்மைப் பெயரை எழுதக்கூடாது, எழுதவும் மனமில்லை.

டிஜிட்டல் மெஷின் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு அது. மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த மாதிரி, வார இறுதிக்கு வாடகைக்கு விடும் பங்களாக்கள் வரிசையாக உண்டு. அப்படி ஒன்றில் தங்கவந்த குடும்பம், பின்பக்கம் துணி துவைக்கும் அறையில் ஒரு பெண் பகலும் ராத்திரியும் அங்கேயே கிடப்பதைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்திருக்கிறது. அவள் ஜவ்வாது மலைப் பக்கத்துப் பெண். ஏஜென்ட் ஒருவன் அவள் அப்பாவுக்கு முன்பணம் கொடுத்துச் சின்ன வயதிலேயே அழைத்து வந்திருக்கிறான். அதற்குப் பிறகு ஊருக்கு அனுப்பவே இல்லை. சம்பளம் என்று கையில் எதுவும் இல்லை. வெளி கேட்டுக்குப் பூட்டு. பங்களாக்கார அம்மாள், அவளுக்குப் பத்தொன்பது வயது, விருப்பப்பட்டுத்தான் வேலை செய்கிறாள் என்று சொன்னார். அஞ்சலையும் அதையே சொன்னாள். போலீசுக்குக் குழப்பம். அதனால் அன்றிரவு அவளை அரசுக் காப்பகத்தில் வைத்திருந்துவிட்டு, காலையில் எங்களிடம் கூட்டி வந்தார்கள்.

கூட வந்தது கோமதி என்ற பெண் போலீஸ். அவர்கள் வந்து உட்கார்வதற்குள் பங்களாக்கார அம்மாளும் காரில் வந்து இறங்கிவிட்டார். கையில் டிபன் கேரியர். நல்ல பருத்திப் புடவை, மெதுவான குரல். வந்ததும் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"என் பொண்ணு மாதிரிங்க இவ. ராத்திரி எங்க படுத்தாளோ, என்ன சாப்பிட்டாளோன்னு எனக்குத் தூக்கமே இல்ல" என்றார் என்னிடம்.

அவரை விரட்ட எங்களுக்கு அதிகாரம் இல்லை. இன்னும் அவர்மேல் வழக்கு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. எல்லாம் வயதைப் பொறுத்துத்தான் இருந்தது.

எக்ஸ்ரே அறைக்கு ஒரு விதி உண்டு. படம் எடுக்கும்போது நோயாளியையும் ரேடியோகிராபரையும் தவிர ஒருவரும் உள்ளே இருக்கக்கூடாது. கதவை மூடினால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். அது கதிர்வீச்சுக்காக வைத்த விதி. ஆனால் பங்களாவிலிருந்து வந்த பிறகு, யாருடைய காதும் இல்லாத இடத்துக்கு அஞ்சலை முதன்முதலாக வந்தது அப்போதுதான். காப்பகத்தில்கூடச் சுற்றிலும் ஆட்கள்.

மெலிந்த பெண். முழங்கையை முதலில் எடுத்தேன். பிறகு மணிக்கட்டு. கையைக் கேசட்டின் மேல் விரித்து வைத்தபோது விரல் இடுக்குகளைப் பார்த்தேன். ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, தோல் காகிதம் மாதிரி உரிந்திருந்தது. எரியுதா என்று கேட்டேன். "பழகிடுச்சுங்க" என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

"இதுல பத்தொம்போதுன்னு வருங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா. டாக்டர்தான் பாப்பாங்க."

"வர்ற மாதிரி எடுத்துடுங்களேன்."

"அப்படியெல்லாம் எடுக்க முடியாது. ஏன், பத்தொம்போதுன்னு வந்தா என்ன?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. விசாரிப்பது என் வேலை இல்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஞானசேகரன் சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மூன்றாவது படம் இடுப்புக்கு. பெண்களுக்கு இடுப்பைப் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். வயிற்றில் கரு இருந்தால் கதிர் படக்கூடாது என்பதற்காக, கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று. கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஸ்விட்சைத் தொடலாம். மேஜையில் படுக்கச் சொல்லிவிட்டு அதைக் கேட்டேன்.

"கடைசியா எப்போ தலைக்கு ஊத்திக்கிட்ட?"

நேரே மேலே பார்த்துக்கொண்டு யோசித்தாள். "தங்கச்சியக் கூட்டிட்டுப் போனாங்கல்ல, அதுக்கு மொத நாளு" என்றாள்.

நான் பேனாவை எடுத்துக் குறிக்கப் போனேன். அப்புறம்தான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது.

"எந்தத் தங்கச்சி?"

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.  பிறகு துண்டு துண்டாக வந்தது. போன வருடம் அதே ஏஜென்ட் அவள் தங்கையையும் கொண்டுவந்து விட்டிருக்கிறான். விசாரணைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும், சின்னவளைக் காரில் ஏற்றி எங்கோ அனுப்பிவிட்டார்கள். பங்களாவில் ஒரு பெண்தான் இருக்கிறாள் என்று போலீசிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்குப் பத்தொம்போதுன்னு ஆயிட்டா நான் அங்கயே போயிடலாமாம். அவளும் வந்துடுவாளாம். இல்லன்னா எங்க இருக்கான்னு சொல்லமாட்டாங்களாம். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்லித்தான் ஆகணும் அஞ்சல" என்றேன்.

அவள் அழவில்லை. மேஜையிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அப்போ எனக்குப் படம் வேணாம். எடுக்காதீங்க."

வேண்டாம் என்று சொல்கிறவரைப் பிடித்து வைத்துப் படம் எடுக்க முடியாது. அசைந்தால் படம் கலங்கும். கலங்கினால் மறுபடி எடுக்க வேண்டும், இன்னொரு முறை கதிர். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.  அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  சின்னவள் கிடைத்துவிடுவாள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏங்க, இன்னும் ஆகலியா? புள்ள பயந்துடப் போகுது." அந்த மெதுவான குரல்.

அஞ்சலையின் முதுகு சட்டென்று விறைத்தது. நான் உள்ளே இருந்தபடியே, "லைட் எரியுது, கதவைத் தொடாதீங்க!" என்று சத்தம் போட்டேன். காலடி தள்ளிப் போனது. அந்தக் கதவு, அந்த அம்மாள் தட்டியும் திறக்கவில்லை. அஞ்சலை அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து மல்லாந்து படுத்தாள்.

"எடுங்க" என்றாள். "ஆனா அவள எனக்குக் காட்டணும்."

நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்துக்கொண்டாள்.

படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு, பின்பக்கக் கதவு வழியாக ஞானசேகரன் சார் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஈரம் சொட்டச் சொட்டப் படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டினார். முழங்கை மூடியிருந்தது. மணிக்கட்டில் கோடு மெல்லிசாக இன்னும் இருந்தது. இடுப்பு விளிம்பு ஒட்டவில்லை. துண்டுச் சீட்டில் எழுதினார்: பதினைந்துக்கு மேல், பதினேழுக்குள். எழுதிய பிறகு பேனாவை மூடி, "இப்போ சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஸ்வெட்டரின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இரண்டு காரியம் செய்தார். முதலில், அடையாள மச்சங்களுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று கோமதியை உள்ளே கூப்பிட்டார். அது எப்போதும் நடப்பதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு வெளியே போய், பெஞ்சில் இருந்த அம்மாளிடம், "படம் ஈரமா இருக்கும்மா. காயணும். சாயந்திரம் ஆகும்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஈரப் படத்தைக் காயவைத்துப் படிக்கிற வழக்கம் அவருக்கு ஒருநாளும் கிடையாது.

கோமதி விஷயத்தைக் கேட்டதும் பரபரக்கவில்லை. "அந்தம்மாவ இப்பக் கேட்டா உடனே போன் பண்ணும். சின்னத வேற எங்கயாவது தள்ளிடுவாங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "கார் யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

டிரைவர் வாசலில், டீக்கடைப் பக்கம் நின்றிருந்தார். கோவளத்து ஆள், நடு வயது. கோமதி டீ குடிக்கிற மாதிரிப் போனார். நான் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிற சாக்கில் கூடவே போனேன்.

"அண்ணாத்த, அந்தச் சின்னப் பொண்ண எங்க வுட்ட?" என்றார் கோமதி, எடுத்த எடுப்பில்.

டிரைவர் கையிலிருந்த கிளாஸ் நின்றுவிட்டது. "எந்தப் பொண்ணு? இன்னா மேடம் சொல்ற?"

"நீ வண்டி ஓட்டறவன். வுடச் சொன்னாங்க, வுட்ட. அதோட நிப்பியா, இல்ல கேஸ்ல நீயும் வர்றியா?"

அவர் பங்களாக்கார அம்மாள் இருந்த திசையைப் பார்த்தார். அங்கிருந்து டீக்கடை தெரியாது.

"சிறுசேரி தாண்டிப் பெரிய பில்டிங்கு கீதுல்ல, அதுல எங்க அம்மாவோட தங்கச்சி பொண்ணு வூடு, பங்களா அம்மாவோட. கைக்கொழந்த கீது. பாத்துக்க ஆள் வோணும்னாங்க." டீயைக் கீழே கொட்டினார். "வழி பூரா வாந்தி எடுத்துகினே வந்துச்சு மேடம். அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேட்டுகினே வந்துச்சு. நமக்கு இன்னாத்துக்குப் பேஜாருன்னு கம்முனு இருந்துட்டேன். எனக்கும் அந்த வயசுல ஒண்ணு கீது."

"எந்த மாடி?"

"லிஃப்டுல ஒம்போது. நானே கூட்டிம்போயி வுட்டேன்."

கோமதி அங்கிருந்தே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். ஞானசேகரன் சார் தன் அறையிலிருந்து குழந்தைகள் நலக் குழுவில் இருந்த ஒரு அம்மையாருக்குப் பேசினார். அஞ்சலை என் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யாரும் உள்ளே வரக்கூடாது என்று சிவப்பு விளக்கை அணைக்காமலே விட்டிருந்தேன். அன்றைக்குக் கால் உடைந்து வந்தவர்கள் எல்லாம் பக்கத்து அறையில் நெருக்கியடித்துக் காத்திருந்தார்கள். ஒருவர் புகார் எழுதிப் போட்டுவிட்டுப் போனார். அதில் தப்பில்லை.

பெஞ்சில் அந்த அம்மாள் போனில் யாரிடமோ, "ஒண்ணும் ஆகாது, படம் காயுதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயந்திரத்துக்குள் சின்னவள் கிடைத்துவிட்டாள். எனக்கு அது மறுநாள் காலையில் கோமதி சொல்லித்தான் தெரியும். அந்த வீட்டில் கணவன், மனைவி இருவருமே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். போலீஸ் போனபோது சின்னவள் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்திருக்கிறாள். அந்த மனைவி அழுதாளாம். "அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேக்கலாம்னுதான் இருந்தோம், நாங்க அவளை அடிச்சதுகூட இல்ல" என்றாளாம். கோமதி இதைச் சொல்லிவிட்டு, "அது நெசமாத்தான் இருக்கும்" என்றார்.

அன்று காலை பல் பரிசோதனைக்காக அஞ்சலையையும், வயது பார்ப்பதற்காகச் சின்னவளையும் வெவ்வேறு வண்டியில் கூட்டி வந்தார்கள். எக்ஸ்ரே அறைக்கு எதிரில் வராந்தாவில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அஞ்சலை நேரே போய்த் தங்கையின் தலையைப் பிடித்துத் திருப்பினாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"யாருடி வெட்டினது?"

"பேன் இருக்குன்னு... பாப்பாவுக்கு ஒட்டிக்குமாம்."

"நீ சும்மா குந்திக்கிட்டிருந்தியா?"

"கத்திரி பெருசா இருந்துச்சுக்கா."

அஞ்சலை அந்தத் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. நேற்று நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை, அது அவளுக்கு நினைவிருந்தது. சின்னவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சின்னவளுக்காகக் கேசட் எடுத்து வைத்தேன். ஞானசேகரன் சார் வந்தார். அவளைப் பார்த்து, "வாயைக் கொஞ்சம் திறங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பால் பல்லு இன்னும் விழுந்துகிட்டிருக்கு. இந்தக் கொழந்தைக்குப் படம் எதுக்கு நிர்மலா? கேசட்ட உள்ள வைங்க."

குழந்தைகள் நலக் குழுவுக்கு அவரே எழுதினார், ஒன்பது வயது, கதிர்வீச்சு தேவையில்லை என்று. பிறகு வழக்கம்போல, "சாப்பிட்டீங்களா?" என்றார். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் அவளும் இல்லை என்றாள்.

வழக்கு செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஞானசேகரன் சார் ஓய்வு பெற்றிருந்தார். சகோதரிகள் இரண்டு பேரும் ஒரு விடுதியில் இருந்தார்கள். அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஏஜென்ட் அகப்படவே இல்லை.

அஞ்சலைக்கு உடம்பு சரியில்லை என்று அவள் சாட்சியம் தள்ளிப்போயிருந்ததால், எங்களை முதலில் விசாரித்தார்கள். என்னிடம் பெரிதாகக் கேள்வி இல்லை. இந்தப் படம் இவளுடையதுதானா, நீங்கள்தான் எடுத்தீர்களா, அவ்வளவுதான். பிறகு சார் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் தயாராக வந்திருந்தார்.

"எலும்பை வெச்சுச் சொல்ற வயசு ரெண்டு வருஷம் முன்னப்பின்ன இருக்கலாம். சரிதானே டாக்டர்?"

"சரிதான்."

"நீங்க எழுதினது பதினேழு வரைக்கும். கூட ரெண்டு போட்டா?"

"பத்தொன்பது."

"ஆக, அன்னிக்கு இந்தப் பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு இருந்திருக்கலாம்."

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். சார் அவரைப் பார்த்துவிட்டு, நீதிபதியைப் பார்த்து, "இருந்திருக்கலாம். வாய்ப்பு குறைவு. ஆனா இல்லவே இல்லன்னு நான் சொல்ல முடியாது" என்றார்.

 அது ஒரு வார்த்தையில் போகிற வழக்கு. கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று அந்த நிமிஷம் தோன்றியது. அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்வெட்டர் இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது.

அடுத்தது அஞ்சலை. வளர்ந்திருந்தாள். வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அன்பாகவே கேட்டார்.

"உனக்கு என்னிக்குப் பொறந்த நாள்னு தெரியுமாம்மா?"

"தேதி தெரியாதுங்க. என்னை வீட்லயே பெத்தாங்க."

"போலீஸ்கிட்ட பத்தொம்போதுன்னு நீயே சொன்னே."

"சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

"இப்போ மாத்திச் சொல்றே. உன் வயசு உனக்கே தெரியாது. அப்போ பத்தொம்போதாவும் இருந்திருக்கலாம், இல்லையா?"

"இல்லீங்க. இருக்காது."

"எப்படிச் சொல்றே?"

"தங்கச்சி பொறந்தப்ப எனக்கு முன்பல்லு ரெண்டும் கெடையாது" என்றாள் அஞ்சலை. "அவள மலையடி ஆஸ்பத்திரில பெத்தாங்க. நான் அம்மாவப் பாக்கப் போயி வாசல்ல நின்னேன். நர்சம்மா, 'ஏய் ஓட்டப்பல்லு, உன் தங்கச்சியப் பாக்க வா'ன்னு கூப்பிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வாய மூடிக்கிட்டேதான் அவளப் பாத்தேன்."

வக்கீல் தாளைப் புரட்டினார். நீதிபதி டைப் அடிக்கிறவரை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளிடமே கேட்டார், "உன் தங்கச்சி ஆஸ்பத்திரியில பொறந்தான்னா, அங்க பதிவு இருக்குமே?"

"இருக்குங்க. அவளுக்குச் சீட்டு குடுத்தாங்க. எனக்குத்தான் இல்ல."

முன்பல் விழுவது ஆறு, ஏழு வயதில். அது எந்த அம்மாவுக்கும் தெரியும், அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அரசு வக்கீல் சின்னவளின் பிறப்புச் சான்றிதழை வாங்கித் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டார். அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்தார். கூட்டிப் பார்த்தால், எங்கள் மேஜையில் படுத்திருந்த அன்று அஞ்சலைக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் அந்தப் பக்கம் போனாலும் பதினேழைத் தாண்டாது. பங்களாக்கார அம்மாளுக்குத் தண்டனை ஆனது. மேல்முறையீட்டில் இருக்கிறது. பங்களா வேறு பெயரில் இப்போதும் வாடகைக்குப் போகிறது. அஞ்சலை மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கோமதி சொன்னார். சின்னவள் விடுதியிலேயே படித்தாள். எனக்கு அவர்கள் போன் செய்ததில்லை. செய்ய வேண்டிய காரணமும் இல்லை.

சாட்சி சொன்ன அன்று மத்தியானம், கோர்ட் கேன்டீனில் சாரும் நானும் டீ குடித்தோம். 

"நிர்மலா, இத்தனை வருஷத்துல எத்தனை பிள்ளைங்களுக்கு வயசு எழுதியிருப்போம்?"

"கணக்கே இல்ல சார்."

"நாம எழுதினது சரியா, தப்பான்னு ஒருத்தராவது வந்து சொல்லியிருக்காங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். சொல்வதற்கு ஆள் கிடையாது. விடை தெரிந்திருந்தால் எங்களிடமே வந்திருக்க மாட்டார்கள்.

"இல்ல சார்."

"எனக்கு வீட்டுக்குப் போனாலும் இது ஓடிகிட்டே இருக்கும்" என்றார். "ஒரு வயசு கூட எழுதிட்டா அந்தப் புள்ளையத் திருப்பி அனுப்பிடுவாங்க. யாரை அப்படி அனுப்பினேன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.  எழுந்து டீக்குக் காசு கொடுக்கப் போனேன்.

சான்றிதழ் தாக்கல் ஆன அடுத்த வாய்தாவுக்கு நான் போனேன், எக்ஸ்ரே பதிவேட்டைக் கோர்ட்டில் காட்டும் வேலை இருந்தது. சாருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அவர் சாட்சியம் முடிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னவளின் பிறந்த தேதியை எழுத்தர் சத்தமாக வாசித்தபோது, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே அஞ்சலையின் வயதைக் கூட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.